ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் குறி எங்கே தப்புகிறது?

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலையொட்டி நடக்கும் பொருட்காட்சி, இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் என்று எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ராட்டினத்துக்குப் பக்கத்தில் பலூன் சுடும் கடை ஒன்று கண்ணில் படும். பலகையில் வரிசை வரிசையாகப் பலூன்கள், மேசைமேல் தேய்ந்துபோன இரண்டு மூன்று ஏர் கன்கள். இந்த வட்டாரத்து ஆட்கள் பெரும்பாலும் துப்பாக்கி என்ற ஒன்றை முதன்முதலாகக் கையில் வாங்குவது அங்கேதான். ஐந்து சுட்டு ஒன்று பட்டால், "சைட்டை வளைச்சு வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு. பல வருடம் கை மாறி, கீழே விழுந்து, அடிபட்ட துப்பாக்கியில் சைட் நேராக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் சைட் வளைந்திருந்தால் ரவை எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே அளவு விலகிப் போகவேண்டும். முதல் ரவை பலகையில் எங்கே பதிந்தது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் அதே அளவு தள்ளிக் குறி வைத்தால் இரண்டாவதில் பலூன் உடைந்துவிடும். கடையில் நடப்பது அப்படியில்லை. ஒன்று இடது, அடுத்தது மேலே, மூன்றாவது எங்கே போனது என்றே தெரியாது. குறி ஒருபக்கம் விலகுவது ஒரு கோளாறு. சுட்டதெல்லாம் சிதறுவது முற்றிலும் வேறு கோளாறு. முதலாவதைத் திருகு திருப்பிச் சரிசெய்யலாம். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

சிவகாசிக்காரர்களுக்கு வெடி என்றால் மருந்து. தீபாவளிக்குப் பிள்ளைகள் வைத்து விளையாடும் சுருள் கேப் துப்பாக்கியில்கூட, தட்டினால் பற்றிக்கொள்ளும் துளி மருந்து இருக்கிறது. ஏர் ரைஃபிளில் அது கிடையாது. பேரலை மடக்கும்போது உள்ளே இருக்கும் கனமான ஸ்பிரிங் சுருங்கிப் பூட்டிக்கொள்கிறது. ட்ரிக்கரை இழுத்ததும் அது பிஸ்டனை முன்னால் தள்ள, பிஸ்டன் தனக்கு முன்னிருக்கும் காற்றை நெருக்கி, அந்தக் காற்று ஈய ரவையைப் பேரல் வழியே வெளியே தள்ளுகிறது. கேட்க எளிமையான வேலை. ஆனால் இந்த வரிசையை மெதுவாக்கிப் பார்த்தால்தான் சிதறலின் காரணம் தெரியும்.

மருந்துத் துப்பாக்கியில் குண்டு கிளம்பும் அதே நேரத்தில் பின்னுதையும் தொடங்குகிறது. ஸ்பிரிங் துப்பாக்கியிலோ உதை முதலில் வந்துவிடும், ரவை பிறகுதான் கிளம்பும். பிஸ்டன் ஏறத்தாழ 250 கிராம், அது ஓடும் தூரம் 8 சென்டிமீட்டர், துப்பாக்கியின் எடை 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் முன்னால் ஓடுகிறபோது துப்பாக்கி பின்னால் நகர்ந்தாகவேண்டும். கணக்குப் போட்டால் ஆறேழு மில்லிமீட்டர் வருகிறது. ரவை தன் இடத்தைவிட்டு அசைவதே பிஸ்டன் ஓட்டத்தின் கடைசியில்தான். அப்போது நெருக்குண்ட காற்றுமெத்தையில் மோதிப் பிஸ்டன் சட்டென்று நிற்கிறது, கொஞ்சம் பின்னாலும் துள்ளுகிறது. பின்னால் போய்க்கொண்டிருந்த துப்பாக்கி இப்போது முன்னால் இழுபடுகிறது. இந்த இரண்டு குலுக்கலும் நடந்துகொண்டிருக்கும்போதே ரவை பேரலுக்குள் ஓடி வெளியேறுகிறது.

எவ்வளவு அசைந்தால் எவ்வளவு தப்பும்? முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி 45 சென்டிமீட்டர் என்றால், பேரல் முனை 0.05 மில்லிமீட்டர் விலகினாலே 10 மீட்டர் தூரத்தில் ரவை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். அந்த 0.05 மில்லிமீட்டர் ஒரு மெல்லிய தலைமுடியின் தடிமன். அப்படியிருக்க, துப்பாக்கி ஆறேழு மில்லிமீட்டர் பின்னால் போகிற வழியில் தோளோ கன்னமோ கையோ அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. துள்ளலைத் தடுக்க யாராலும் முடியாது. ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரி துள்ளவேண்டும். ஸ்பிரிங் ரைஃபிளின் துல்லியம் பற்றிய பேச்சு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகிறது என்பது என் உறுதியான கருத்து.

இதனால்தான் நன்றாகச் சுடத் தெரிந்தவர்களே ஸ்பிரிங் ரைஃபிளில் திணறுகிறார்கள். என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டுப் பழகிய கல்லூரிப் பையன், கட்டையைத் தோளோடு அழுத்திப் பிடித்து, முன்கையால் இறுக்கிக்கொள்ளத்தான் கற்றிருப்பான். அந்தத் துப்பாக்கிக்கு அது சரி. அதே பிடியோடு ஸ்பிரிங் ரைஃபிளை எடுத்தால், தசையின் இறுக்கம் ஒருமுறை கூடவும் ஒருமுறை குறையவும் இருப்பதால், துள்ளும் பாதை சுடுகிற ஒவ்வொரு தடவையும் மாறிவிடும். பிடியை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவுக்கு அந்த ஏற்ற இறக்கமும் பெரிதாகிறது.

மாற்று வழியை அமெரிக்க ஏர் கன் எழுத்தாளர் டாம் கெய்லார்ட் பரவலாக்கினார். பீரங்கி தன் வண்டியில் தானாகப் பின்னோடி வருவதுபோலத் துப்பாக்கியை ஓட விடுவதால் அதற்குப் பீரங்கிப் பிடி என்று பெயர் வைத்தார். முன்கையின் உள்ளங்கையை விரித்து, கட்டை அதன்மேல் சும்மா படுத்திருக்கவேண்டும். விரல்கள் மடங்கக் கூடாது. தோளில் கட்டை தொட்டால் போதும். கன்னம் மெல்லப் படிந்திருந்தால் போதும். ட்ரிக்கர் பக்கத்துக் கையும் தளர்வாகவே இருக்கவேண்டும். முதலில் இப்படிப் பிடிக்கிறவர்களுக்குத் துப்பாக்கி கைநழுவிவிடுமோ என்று பயமாக இருக்கும். அந்தப் பயம் போக ஒரு டப்பா ரவை செலவாகும். மணல் பையின்மேலோ பெஞ்சின்மேலோ நேரடியாக வைத்துச் சுட்டால் இன்னும் துல்லியமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் கெட்டியான பரப்பு துப்பாக்கியை மேல்நோக்கி எற்றிவிடும். பை இருந்தால் அதன்மேல் புறங்கையை வைத்து, உள்ளங்கைமேல் துப்பாக்கியை வைப்பதே சரி.

இந்தப் பிடிக்கு எதிர்வாதமும் உண்டு. எல்லாத் துப்பாக்கிக்கும் தளர்ந்த பிடிதான் என்று சொல்ல முடியாது. கனமான, வலுக் குறைந்த சில ரைஃபிள்கள் ஓரளவு உறுதியான பிடியில் நன்றாகவே சுடுகின்றன. கை வைக்கும் இடமும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். ட்ரிக்கர் கார்டுக்கு முன்னால் கை இருந்தால் ஒன்றுக்கு நெருக்கமாக விழும், நீளக் கட்டையின் நடுவில் இருந்தால் இன்னொன்றுக்கு. இடத்தைச் சோதித்துக் கண்டுபிடித்து, கட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளலாம். எந்தப் பிடியானாலும், ட்ரிக்கர் இழுத்த பிறகும் ரவை அட்டையில் பதியும் வரை கண்ணையும் கையையும் அசைக்கக் கூடாது. மருந்துத் துப்பாக்கியைவிட இங்கே ரவை வெளியேற அதிக நேரம் ஆவதால், "பட்டதா" என்று தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் இரட்டிப்புக் கேடு.

உலகத்தின் பெரிய துப்பாக்கிக் கம்பெனிகள் இந்தத் துள்ளலோடு எப்படி மல்லுக்கட்டின என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கது. 10 மீட்டர் போட்டிகளுக்காக ஜெர்மனியில் செய்த ஸ்பிரிங் ரைஃபிள்களில் டயானா எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு பிஸ்டன்களை வைத்து ஒன்றின் உதையை மற்றொன்றால் அழித்தது. ஃபைன்வெர்க்பாவ் 300 எஸ் மாடலில் பேரலும் பிஸ்டனும் சேர்ந்த முழுப் பாகமும் கட்டைக்குள் தண்டவாளத்தில் போவதுபோலப் பின்னால் வழுக்கியது; சுடுபவர் தோளுக்கு உதை வரவே வராது. அன்ஷுட்ஸ் எண்ணெய் அடைத்த தணிப்பானை வைத்தது. பிறகு ஸ்பிரிங்கையே கைவிட்டு, முன்கூட்டியே நெருக்கிய காற்றை அடைக்கும் முறைக்கு எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 1984 லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக் போட்டியானது. 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா அதில்தான் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கத்தை வென்றார். கடலூரில் பிறந்து உலகக் கோப்பைத் தங்கங்கள் வென்ற இளவேனில் வாலறிவனின் களமும் அதே 10 மீட்டர்தான். அவர்கள் கையில் இருப்பது துள்ளாத துப்பாக்கி. அந்தப் போட்டி அட்டையில் பத்துப் புள்ளிக்கான பொட்டு வெறும் 0.5 மில்லிமீட்டர், 4.5 மில்லிமீட்டர் ரவையின் விளிம்பு அதைத் தொட்டாலே பத்து என்பதால், ரவையின் மையம் பொட்டின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழுந்தாகவேண்டும். கடையில் வாங்கிய ஸ்பிரிங் ரைஃபிளில் அதை எதிர்பார்த்து மனம் சோர வேண்டாம். பத்து ரவையும் ஐம்பது பைசா நாணயத்துக்குள் விழுந்தால் பெருமைப்படலாம்.

அடுத்து ரவை. நடுவில் இடை ஒடுங்கி, பின்னால் பாவாடைபோல விரிந்த ஈய ரவைதான் உலகெங்கும் வழக்கம். சுடும்போது காற்றின் அழுத்தத்தில் அந்தப் பாவாடை விரிந்து பேரலின் வரிப்பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு சுழல்கிறது. டப்பாவில் நசுங்கிய பாவாடை உள்ள ரவையை ஒதுக்கிவிடவேண்டும். ஒரே டப்பா ரவைகளின் எடையே ஒன்றுக்கொன்று மாறினால் எந்தப் பிடியும் காப்பாற்றாது. நகைக்கடைத் தராசு போன்ற மின்னணுத் தராசில் நிறுத்துப் பிரித்துக்கொள்ளலாம். தலைவிட்டம் 4.50, 4.51, 4.52 மில்லிமீட்டர் என்று அச்சிட்ட நல்ல ரவைகள் விலை அதிகம். ஆனால் ரைஃபிளுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கைப் பல வகை ரவைகளை வாங்கிச் சோதிக்க ஒதுக்குவது, ஸ்கோப்புக்குச் செலவழிப்பதைவிட நல்ல பலன் தரும். ஒரு பேரலுக்குப் பிடித்த ரவை அடுத்த பேரலுக்குப் பிடிக்காது; முன்கூட்டியே சொல்ல வழியில்லை, சுட்டுத்தான் பார்க்கவேண்டும். ரவை மாற்றினால் முதல் இருபது முப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், பேரலில் பழைய ஈயத்தின் படிவு மாறவேண்டும்.

வேகத்தைப் பற்றிய மயக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். டப்பாவின்மேல் பெரிதாக அச்சிட்ட வேகத்தைப் பார்த்துத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் அதிகம். வலுவான ஸ்பிரிங் என்றால் வலுவான உதை. துள்ளல் பெரிதாகும், சிதறலும் பெரிதாகும். 0.5 கிராம் ரவை நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் 10 ஜூல். 10 மீட்டரில் அது விழும் இறக்கம் சுமார் 12 மில்லிமீட்டர். வேகம் 190 ஆகக் குறைந்தாலும் இறக்கம் ஒன்றரை மில்லிமீட்டர்தான் கூடும். ஆக, அந்தத் தூரத்தில் வேக வித்தியாசம் பெரிய குற்றவாளி அல்ல. 25 மீட்டரில்தான் அதே வித்தியாசம் எட்டு மில்லிமீட்டர் அளவுக்கு வளர்கிறது. காற்றும் அப்படியே: தூரம் இரண்டரை மடங்கானால் பக்கக்காற்றின் விலக்கம் ஏறக்குறைய ஆறு மடங்காகிவிடும். ஆனி, ஆடியில் இந்தக் கரிசல் வெளியில் வீசும் மேல்காற்றில் 25 மீட்டரில் சோதித்துப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைக் குறை சொல்வது நியாயமில்லை.

எண்ணெய் விஷயத்தில் சிவகாசிக்காரர்கள் மற்றவர்களைவிடக் கூர்மையாக இருக்கவேண்டும். காற்றை ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்குக்குள் நெருக்கும்போது அது சில நூறு டிகிரி செல்சியஸுக்குச் சூடேறுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ இருந்தால், டீசல் இன்ஜினில் நடப்பதுபோலப் பற்றிக்கொள்ளும். சட்டென்று பெரிய சத்தம், பேரல் முனையில் புகை, எரிந்த வாடை. வாங்கியவர் "நல்லா பவர் ஏறிருச்சு" என்று மகிழ்வார். உண்மையில் ஒவ்வொரு முறையும் வேறு அளவு எண்ணெய் எரிவதால் வேகம் தாறுமாறாகி, ரவை மேலும் கீழும் சிதறும். பிஸ்டன் வாஷர் கருகும், ஸ்பிரிங் ஒடியும். உராய்வும் சூடும் என்ன செய்யும் என்பதை மருந்து அறையில் கண்ட ஊர் இது. பழைய தோல் வாஷர் வைத்த துப்பாக்கிக்கு அதற்குரிய எண்ணெய் எப்போதாவது ஒரு சொட்டு வேண்டும். இக்காலத்துப் பிளாஸ்டிக் வாஷருக்குக் காற்றறைப் பக்கம் சிலிகான் எண்ணெயே அதிகம். ஸ்பிரிங்குக்கும் ட்ரிக்கருக்கும் மாலிப்டினம் கலந்த கிரீஸ் மெல்லிசாகப் பூசினால் போதும். கேரோசின் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை அடியோடு விடவேண்டும்.

அதோடு, பட்டாசு ஆலை, காயப்போடும் மேடை, கிடங்கு, மருந்து ஏற்றிய வண்டி இவற்றின் பக்கத்தில் ஏர் ரைஃபிளை எடுக்கவே கூடாது. கல்லிலும் இரும்பிலும் பட்டுத் தெறிக்கும் ரவை எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குலுக்கலில் திருகுகள் கழன்றுகொண்டே இருக்கும். கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகளைச் சுடத் தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். திடீரென்று சிதறத் தொடங்கிய துப்பாக்கிகளில் பலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கும். பேரல் மடங்கும் இடத்தில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கிறதா, அங்குள்ள ரப்பர் வளையம் காற்றை விடுகிறதா, பேரல் வாயின் விளிம்பில் வெட்டுக்காயம் உண்டா என்பவை அடுத்தவை. ஸ்கோப் பொருத்துவதென்றால் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கென்றே செய்ததை வாங்கவேண்டும். சாதாரண ஸ்கோப் பின்னுதையைத் தாங்கும், முன்னோக்கி வரும் இழுப்பில் உள்ளே உடைந்துவிடும். ரவை இல்லாமல் வெறுமனே சுடவும் கூடாது: காற்றுமெத்தை இல்லாமல் பிஸ்டன் இரும்பில் நேராக மோதும்.

இனி எங்கே, எதைச் சுடுவது என்ற கேள்வி. 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழல்விட்டமோ உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும். அதற்குக் கீழானதற்கு உரிமம் வேண்டாம் என்பதால், எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது. காடை, கௌதாரி, கிளி, மயில் எதைச் சுட்டாலும் அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல்நிற அணிலுக்காக 1988-ல் அமைந்த சரணாலயம், 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகியிருக்கிறது. அதே 2021-ல் அருணாசலப் பிரதேச அரசு, பறவைகள் அழிவதைப் பார்த்து, ஊர் ஊராக ஏர் கன்களை ஒப்படைக்கச் சொல்லும் இயக்கத்தைத் தொடங்கியது. மக்கள் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். துல்லியத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் பறவை ஒரு கேவலமான குறி. ரவை எங்கே பட்டது, ஏன் அங்கே பட்டது என்று அது எதையும் சொல்லித்தராது.

காகிதம் சொல்லித்தரும். அச்சுக்கும் அட்டைக்கும் பேர்போன சிவகாசியில் குறி அட்டைக்குப் பஞ்சமே இல்லை. தினசரி காலண்டரின் முரட்டு அட்டையை முன்னால் வைத்தால் ஓட்டை கிழிந்து அளவு தெரியாமல் போகும்; அதைப் பின்பலகையாக்கி, முன்னால் சற்றுத் தடித்த, பளபளப்பில்லாத வெள்ளைத்தாளை ஒட்டவேண்டும். தட்டைத்தலை ரவை அதில் வட்டமாக, சுத்தமாக வெட்டும். பின்னால் மணல் நிரப்பிய மரப்பெட்டி. அதற்கும் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத கெட்டிச் சுவர். கண்ணாடி போட்டுக்கொள்வதும், ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் இதில் சேர்த்தி. பத்து மீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள, காற்று நுழையாத கூடம் ஒன்று இருந்தால் போதும்.

சோதனையில் மூன்று ரவை சுட்டு, மூன்றும் ஒட்டி விழுந்ததும் படம் எடுத்துக் காட்டுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. சிதறல் வெறும் தற்செயலாக இருந்தால், பத்து ரவைக் கூட்டத்தின் அகலம் சராசரியாக மூன்று ரவைக் கூட்டத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் வரும்; இது துப்பாக்கியின் குறையில்லை, எண்ணிக்கையின் இயல்பு. எனவே எந்த மாற்றத்தையும் பத்துப் பத்தாகச் சுட்டே ஒப்பிடவேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். பிடியையும் ரவையையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பத்து ஓட்டைகளும் விழுந்தபிறகு அட்டையைப் படிக்கலாம். மேலும் கீழுமாகக் கோடுபோல நீண்டால் முன்கை வைக்கும் இடம் மாறுகிறது, அல்லது எண்ணெய் எரிகிறது. பக்கவாட்டில் நீண்டால் ட்ரிக்கர் விரல் துப்பாக்கியைத் தள்ளுகிறது, அல்லது கன்னம் அழுத்துகிறது. இரண்டு தனித்தனிக் கொத்துகளாக விழுந்தால் ஸ்கோப்போ கட்டைத் திருகோ பேரலின் பூட்டோ இரண்டு நிலைகளுக்கு நடுவே ஆடுகிறது. ஒன்பது ஒட்டி ஒன்று மட்டும் விலகினால் அந்த ஒன்றைச் சுடும்போது கை எப்படி இருந்தது என்று அப்போதே குறித்துவைத்துக்கொள்ளவேண்டும். எல்லாப் பக்கமும் சமமாகப் பரவி வட்டமாகச் சிதறினால், அடுத்த வகை ரவையைத் திறந்து பார்க்கவேண்டியதுதான்.